சாட்சி நேரம்

வரதய்யபாளையம்
6 ஜூன் 2025

கர்த்தருக்குள் பிரியமான எலிசாவுக்கு,

நான் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்கக்கூட வழியில்லாமல் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேசியா மேடமும் தம்பதியர் வகுப்பில் அதைத்தானே சொன்னார்கள், வாய்ச்சண்டை முற்றினால் ஆளுக்கொரு பேனாவை எடுங்கள் என்று. லடாக்கில், லேயில் இருந்தபோது உனக்கு எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் கடிதம் எழுதுகிறேன். கோழி கிண்டினது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

ஞாயிறு மாலை நான் ஸ்ரீசிட்டிக்கு செக்யூரிட்டி டியூட்டிக்குக் கிளம்பும்போது நீ வாசல்வரைகூட வரவில்லை. மறுநாள் காலையில் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியோடு குடிபாலா வீட்டை விட்டுப் போயிருக்கிறாய். மாம்பழக் கூழ் கம்பெனியில் உன்னோடு வேலை செய்யும் ஜமீலா வீட்டு மாடியில், சித்தூரில் இருக்கிறாய் என்பதை ஷெர்லின் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இருபத்துநாலு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ரிட்டயர் ஆனவன் நான். என் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத் திருப்பதி ஹாஸ்டலில் படிக்கும் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டது.

நான் என்ன குற்றம் செய்தேன் எலிசா? சபையில் சாட்சி சொன்னேன். அவ்வளவுதான். மாதத்தின் முதல் ஞாயிறு, சாட்சி நேரம், பாஸ்டர் கூப்பிட்டார், எழுந்து போனேன். ரிட்டயர்டு படைவீரர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் திருப்பதியில் நடக்கும் தம்பதியர் வகுப்புக்கு நாம் போய்வருவதைச் சொன்னேன். அங்கே நீ மனம் திறந்ததைச் சொன்னேன். லீவு முடிந்து நான் ரயிலேறினால் உனக்கு நிம்மதியாக இருக்கும் என்று சொன்னது நீதான். அந்தக் கல்லான இருதயத்தைக் கர்த்தர் உடைத்தார் என்று அவருக்கு மகிமை செலுத்தினேன். இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா?

ஆராதனை முடிந்ததும் எத்தனை பேர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள் தெரியுமா? "இந்த மாரி சாட்சி கேட்டு எத்தினி நாளாச்சி பிரதர்" என்று பாஸ்டரே சொன்னார். சபை நம் குடும்பம். குடும்பத்துக்குள் ஒளித்துவைக்க என்ன இருக்கிறது?

வருகிற 14-ஆம் தேதி வகுப்பு. நேராகத் திருப்பதிக்கு வந்துவிடு. முடிந்ததும் சேர்ந்து குடிபாலாவுக்குப் போகலாம். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புள்ள கணவன்,
ஜெபதாஸ்

*

சித்தூர்
11 ஜூன் 2025

ஜெபதாஸ் அவர்களுக்கு,

நீங்கள் சுகம் என்று தெரிந்துகொண்டேன். நான் சுகமாக இல்லை. அடுத்த முதல் ஞாயிறுக்குச் சொல்ல இன்னொரு விஷயம் கிடைத்தது என்று சந்தோஷப்படுங்கள்.

என்ன குற்றம் என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பின் முதல் நாள் கேசியா மேடம் என்ன சொன்னார்? "இங்க பேசுறது செருப்பு விடுற இடத்தத் தாண்டக் கூடாது." அதையே தெலுங்கிலும் ஒருமுறை சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். வகுப்பு முழுக்கத் தூங்கும் டிரைவர் ரங்கையாகூட அதற்கு மட்டும் கண்ணைத் திறந்து தலையாட்டினார். டம்ளர் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம், எதிரில் இருப்பவர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் பதில் பேச வேண்டும் என்று அந்த ஸ்டீல் டம்ளரை என் கையில் கொடுத்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொன்னேன். உங்களிடம்தான் சொன்னேன், உங்கள் சபையிடம் சொல்லவில்லை.

நீங்கள் அதை மைக்கில் சொன்னீர்கள். பெண்கள் பக்கத்தில் உங்கள் அம்மாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போனால் சண்டை என்பார்கள், உட்கார்ந்திருந்தால் ஒப்புக்கொண்டேன் என்பார்கள். உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்று பாடவும் பாடினேன். கேவலமாக இருந்தது.

பிறகு நடந்ததை அத்தை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் பஸ் ஏறின கையோடு பாஸ்டரம்மா சில பெண்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். என்னை நடுக்கூடத்தில் உட்காரவைத்துத் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். "அழுதுடு சிஸ்டர், உள்ளயே வச்சிக்கினு இருக்காத" என்றார்கள். அழுகை வரவில்லை. வராததற்கும் ஒரு ஜெபம் பண்ணினார்கள். அவர்களில் ஒருத்தி டம்ளர் கழுவ வந்தவள் போல என் பின்னாலேயே சமையலறைக்கு வந்து, "வேற யாராச்சும் இருந்தாங்களாக்கா?" என்று காதுக்குள் கேட்டாள். அத்தை வாசற்படியில் நின்றுகொண்டு, "எம் புள்ள பனியில நின்னுக்கினு இருந்தான். நீ இங்க நிம்மதியா துன்னுட்டு தூங்கிக்கினு இருந்தியா?" என்றார்கள். அவர்களுடைய முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட கையோடுதான் அப்போது நான் நின்றுகொண்டிருந்தேன்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். ஆராதனையை யூடியூபில் போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா? ஷெர்லின் ஹாஸ்டலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். போன் செய்து, "நைனா ஊருக்குப் போறப்ப நம்ம ரெண்டு பேரும் அழுவோமேம்மா. நீ சும்மா அழுதியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லலாம் என்று நீங்களே எழுதி அனுப்புங்கள். எனக்குத் தெரியவில்லை.

குடும்பத்துக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு இருந்தது. இப்போது இல்லை.

14-ஆம் தேதி வரமாட்டேன். சீசன் நேரம், மாங்காய் லாரிகள் கேட்டுக்கு வெளியே ரோடுவரை நிற்கின்றன, லீவு கிடைக்காது. கிடைத்தாலும் வரமாட்டேன்.

எலிசா

*

வரதய்யபாளையம்
20 ஜூன் 2025

எலிசாவுக்கு,

பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியாது. அம்மா அப்படிப் பேசியிருக்கக் கூடாது, சொல்லி வைக்கிறேன். ஷெர்லினிடமும் பேசுகிறேன்.

ஆனால் நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் இந்த வீட்டில் அடிபட்டது நீ ஒருத்திதான் போலிருக்கிறது. என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்தாயா? நீ அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. பட்டான்கோட், அஸ்ஸாம், லே, எங்கே போட்டாலும் எனக்கிருந்த ஒரே பிடிமானம் காட்பாடி பிளாட்பாரத்தில் நீ நின்ற கோலம்தான். மற்ற பசங்கள் சரக்கடித்துவிட்டு வீட்டைப் பற்றிப் புலம்பும்போது, "எனக்காக ஊர்ல ஒருத்தி வழி பாத்துக்கினு இருக்கா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான். அவர்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். நீயானால் கையைக் காட்டி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாய். இத்தனை வருஷம் ஏமாந்தது யார் எலிசா? நீயா, நானா?

என்னிடமே கேட்டிருக்கலாமே என்பாய். எனக்கு அது வராது. முப்பது ஜவான்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசச் சொன்னால் பேசிவிடுவேன். எதிரில் நீ ஒருத்தி உட்கார்ந்திருந்தால் வாய் ஒட்டிக்கொள்கிறது. மைக்கைப் பிடித்ததும் வார்த்தை தானாக வந்தது. வந்ததைச் சொன்னேன்.

14-ஆம் தேதி நானும் வகுப்புக்குப் போகவில்லை. மனைவி இல்லாமல் போய் நிற்க அசிங்கமாக இருந்தது. ரங்கையா போன் செய்து, "ஏமி சார், மேடம் ஒண்ட்லோ பாகலேதா?" என்று உன் உடம்பைப் பற்றி விசாரித்தான். உனக்கு ஜுரம் என்று சொல்லி வைத்தேன்.

ஜூலை 12-க்கு நீ வர வேண்டும். வந்துதான் ஆக வேண்டும். கட்டின புருஷனும் இருக்கிற வீடும் வேண்டாம் என்று யாரோ வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தால் நான் என்ன நினைத்துக்கொள்வது? சமையலறையில் அந்தச் சகோதரி உன்னைக் கேட்ட கேள்வியை நானும் கேட்கும்படி வைத்துவிடாதே.

ஜெபதாஸ்

*

சித்தூர்
27 ஜூன் 2025

ஜெபதாஸ் அவர்களுக்கு,

கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தாராளமாகக் கேளுங்கள். பதிலும் சொல்கிறேன், அதையும் மைக்கில் சொல்லிக்கொள்ளலாம்.

இருந்தது. நீங்கள் இல்லாத வருஷங்களில் எனக்குத் துணையாக ஒரு ஆள் இருந்தது. காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தது, அத்தைக்குக் கண் ஆபரேஷனுக்கு வேலூரில் வரிசையில் நின்றது, மழையில் கரண்ட் போனால் ஷெர்லினுக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எல்லாம் அந்த ஆள்தான். பெயர் எலிசா.

உங்கள் கடிதத்தை மத்தியானம் கேண்டீனில் வைத்துப் படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜமீலா, "இன்னாக்கா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது. பாஸ்டரம்மாவோடு வந்தவள் கேட்டது வலிக்கவில்லை, அவள் யாரோ. நீங்கள் கேட்பேன் என்று மிரட்டியிருக்கிறீர்களே, அது வலித்தது.

நிம்மதி என்றால் என்ன என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நீங்கள் லீவில் வந்தால் நம் வீடு உங்கள் பட்டாளத்துப் பாரக்ஸ் ஆகிவிடும். மிளகாய்த்தூள் டப்பா இடம் மாறும். குழந்தையை விடியற்காலையில் எழுப்பிப் போர்வையை மூலைக்கு மூலை சரியாக மடிக்கச் சொல்வீர்கள். வந்த அன்றைக்கே எனக்கு நீங்கள் கிளம்பும் நாள் மனதில் ஓட ஆரம்பித்துவிடும். சிரிக்கும்போதும் ஓடும், சமைக்கும்போதும் ஓடும். காட்பாடியில் வண்டி நகர்ந்த பிறகுதான் அது நிற்கும். அழுதது நிஜம். அழுதுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கியதும் நிஜம். ஷெர்லினிடம் இப்படித்தான் சொன்னேன். அவளுக்குப் பாதிதான் புரிந்தது.

இப்போது முக்கியமானதைக் கேட்கிறேன். டம்ளரைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது அதோடு முடிந்துவிட்டதா? "இப்ப ரயிலே இல்ல. அதான் பயமா இருக்குது. ஒரே வீட்ல தினமும் உங்களோட எப்பிடி இருக்கிறதுன்னு எனக்குத் தெரியல. கத்துக்கணும்னு ஆசையா இருக்குது." இதைச் சொல்லத்தான் அதை முதலில் சொன்னேன். அந்த வகுப்பில் நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்தவள் நான். வரமாட்டேன் என்ற உங்களை இழுத்துக்கொண்டு போனவள் நான். கல் இப்படியெல்லாம் செய்யுமா? கேசியா மேடம் உங்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது ரயில்வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்தினீர்கள். "இன்னும் இருக்குது பிரதர்" என்றார். அதற்குள் டீ வந்துவிட்டது.

இன்னொன்று. ஷெர்லின் அத்தையிடம் போனில் பேசிவிட்டுச் சொன்னாள்: "ஆயா சொன்னாங்கம்மா, நைனா சபைக் கமிட்டி செக்ரட்டரிக்கு நிக்கிறாராம். ஓட்டு எல்லாம் அவருக்குத்தானாம்." நீங்கள் பெயர் கொடுத்தது மே மாதமாம். அப்படியானால் முதல் ஞாயிறு அன்று பாஸ்டர் உங்களைத் தற்செயலாகத்தான் கூப்பிட்டாரா?

பதில் எழுதுங்கள். நிஜத்தை எழுதுங்கள்.

எலிசா

*

வரதய்யபாளையம்
7 ஜூலை 2025

என் பிரியமான எலிசா,

அந்தக் கேள்வியை நான் எழுதியிருக்கக் கூடாது. கோபத்தில் எழுதிவிட்டேன். தபாலில் போட்ட மறுநிமிஷமே திரும்ப எடுக்க முடியுமா என்று அந்த சிவப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தற்செயலாகக் கூப்பிடவில்லை. நிஜம் கேட்டாய், சொல்கிறேன். கமிட்டிக்குப் பெயர் கொடுத்தபோதே பாஸ்டர் சொன்னார்: "ஜனங்க உங்கள மிலிட்டரிக்காரர்னு தள்ளியே வச்சிருக்காங்க பிரதர். மனசத் தொடுற மாரி ஏதாச்சும் சாட்சி சொல்லுங்க." என்ன சொல்வது என்று யோசித்தேன். பனிப்புயல் கதையைத்தான் ஒவ்வொரு லீவிலும் சொல்லித் தீர்த்துவிட்டேனே. நீ சொன்னது மனதில் அறுத்துக்கொண்டே இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். பட்டாளத்தில் இருந்தவரைக்கும் லீவில் வந்தால் சபையில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். ரிட்டயர் ஆன பிறகு யாரும் போடவில்லை. கம்பெனி கேட்டில் பையைத் திறந்து காட்டச் சொல்லும் ஆள், அவ்வளவுதான் நான். செக்ரட்டரி என்றால் மறுபடியும் நாலு பேர் எழுந்து நிற்பார்கள் என்று ஆசை வந்துவிட்டது.

நீ சொன்னதில் மீதி இருந்தது என்று கேசியா மேடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. மீதி என்ன என்பது ஞாபகம் இல்லை. 'நிம்மதி' என்ற வார்த்தைக்குப் பிறகு நீ பேசியது எதுவும் எனக்குள் போகவில்லை. உன் கடிதத்தில்தான் முதல் முறையாகப் படித்தேன். படித்துவிட்டு அறையில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது ஒரு நல்ல செய்தி. செய்த தப்பை நானே சரி செய்துவிட்டேன். நேற்று முதல் ஞாயிறு அல்லவா? சாட்சி நேரத்தில் நானாகவே எழுந்து போனேன். போன மாதம் என் மனைவியைப் பற்றிப் பாதிதான் சொன்னேன், மீதியைக் கேளுங்கள் என்று உன் கடிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். அவளுக்குப் பயமாக இருக்கிறதாம், என்னோடு வாழக் கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறதாம், அவள் கல்லில்லை, கல் நான்தான் என்று சொன்னேன். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அம்மாகூட அழுதார்கள். இனிமேல் உன்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். உன் பெயரைத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டேன்.

இனி என்ன தடை? 12-ஆம் தேதி திருப்பதி பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பேன். வா.

உன்,
ஜெபதாஸ்

*

சித்தூர்
10 ஜூலை 2025

மறுபடியும் சொல்லிவிட்டீர்கள்.

முதலில் சொன்னது பரவாயில்லை என்று ஆகிவிட்டது இப்போது. அது கசப்பு. கசப்பை ஊர் தெரிந்துகொண்டால் ஏசிவிட்டுப் போகும். இது என் ஆசை. உங்களோடு வாழ வேண்டும் என்று இந்த வயதில் எனக்கு வந்த ஆசை. அதை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் கொடுத்திருக்கிறீர்கள், முந்தானையில் துடைத்துக்கொள்ள. வீடியோவை நானும் பார்த்தேன். என் பயத்துக்கு ஆமென் சொல்கிறார்கள்.

கடிதம் எழுதினால் கடிதமும் மைக்குக்குப் போகிறது. இன்னும் எதில் சொன்னால் உங்களோடு நிற்கும்?

பஸ் ஸ்டாண்டில் காத்திருக்க வேண்டாம்.

*

வரதய்யபாளையம்
21 ஜூலை 2025

எலிசா,

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வீடியோவையும் எடுத்துவிடச் சொல்லிப் பாஸ்டரிடம் கேட்டேன். எடுத்துவிட்டார்கள். யார் யார் போனில் இருக்கிறது என்று தெரியாது, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. கமிட்டிக்குக் கொடுத்த பெயரையும் வாபஸ் வாங்கிவிட்டேன். "ஜெயிக்கிற நேரத்துல இன்னா பிரதர் இது, காரணம் சொல்லுங்க" என்று பாஸ்டர் துருவித் துருவிக் கேட்டார். நான் சொல்லவில்லை. வாய்வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அதுவும் நன்றாகத்தான் இருந்திருக்கும், அவர் என் தோளில் கை போட்டிருப்பார். இப்போது சபையில் என்னைப் பற்றி என்னென்னவோ பேசுகிறார்கள். கணக்கில் ஏதோ கோளாறு, அதனால்தான் பின்வாங்கினேன் என்று ஒரு பேச்சு. பேசட்டும்.

12-ஆம் தேதி தனியாக வகுப்புக்குப் போனேன். எல்லோரும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்தார்கள். ரங்கையாவின் மனைவி கங்கம்மா அவனிடம் ஏதோ சொல்ல, அவன் அதைத் திருப்பிச் சொல்லத் தெரியாமல் திணறினான், அவள் விடாமல் மறுபடி சொல்லிக்கொடுத்தாள். எனக்குப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. கேசியா மேடம் என் எதிரில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு டம்ளரை என் கையில் கொடுத்து, "உங்க வீட்டம்மா இங்க இருக்கிறதா நெனச்சிக்கினு பேசுங்க பிரதர்" என்றார். டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். ரயில் காட்பாடியை விட்டுக் கிளம்பினால் எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

நீ சொல்வதற்கு முன்னால் எனக்கே இது இப்படி வார்த்தையாகத் தெரியாது. ஜன்னலில் உன் முகம் மறைந்ததும் நெஞ்சு கனக்கும். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் இலேசாகிவிடும். பெர்த்தில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வேன். அங்கே போனால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். வீட்டில் எனக்கு எங்கே உட்காருவது என்றே தெரியாது. நீயும் ஷெர்லினும் அம்மாவும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள், நான் போய் நின்றால் நிறுத்திவிடுவீர்கள். ஏதாவது செய்ய வேண்டுமே என்றுதான் மிளகாய்த்தூள் டப்பாவை நகர்த்தினேன். ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்த ஐந்து மாதமும் அப்படித்தான் போனது. பென்ஷன் போதாது என்று சொல்லி இந்த ஸ்ரீசிட்டி வேலைக்கு வந்தேனே, அது பொய். போதும். வீட்டில் இருக்கப் பயந்துதான் வந்தேன்.

நீ வகுப்பில் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது என்று எழுதினேன். ஏமாந்துவிட்டேன் என்றும் எழுதினேன். என்னுடையதை நீ வாய்விட்டுச் சொல்லிவிட்டாய் என்பதுதான் விஷயம். உன்னைக் கல் என்று சொல்லி, நான் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இதை நான் சபையில் சொல்ல மாட்டேன். அம்மாவிடமோ பாஸ்டரிடமோ கேசியா மேடத்திடமோ சொல்ல மாட்டேன். உனக்கு மட்டும் தெரியும். நீ என்ன செய்தாலும் சரி.

ஜெபதாஸ்

*

சித்தூர்
30 ஜூலை 2025

ஜெபதாஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்குக் கம்பெனியில் ஒரு பேட்ச் கூழ் புளித்துப்போய் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்துதான் படித்தேன். முதலில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உங்களுக்கும் அதேதான் என்றால் என்னை எதற்காக ஊர் நடுவே நிறுத்தினீர்கள்? பிறகு, பிளாட்பாரத்தில் நானும் ஜன்னலில் நீங்களும் அத்தனை வருஷம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதை நினைத்துக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. ஜமீலா என்னவென்று கேட்டாள். சொல்லவில்லை.

பாஸ்டரம்மா போன வெள்ளிக்கிழமை இங்கேயே வந்துவிட்டார்கள். ஜமீலா வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பிரதர் ஏன் பின்வாங்கினாரு? உனக்குத் தெரியாம இருக்குமா? சொல்லு சிஸ்டர், ஜெபம் பண்றோம்" என்றார்கள். உங்கள் கடிதம் அப்போது அலமாரியில் என் புடவைக்கு அடியில் இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்தால் போதும். எல்லைச்சாமி மாதிரி உங்களைக் கொண்டாடின வாயெல்லாம் அன்றைக்கே திரும்பியிருக்கும். அத்தை என்னிடம் கேட்டதை உங்களிடம் கேட்டிருப்பார்கள். சொல்லிவிடலாமா என்று எனக்கு வந்தது. நிஜமாகவே வந்தது. உங்களைப் போல நானும் ஒருமுறை செய்து பார்க்கிறேன் என்று ஒரு வீம்பு. "எனக்குத் தெரியாதுங்க, டீ ஆறுது, குடிங்க" என்றேன். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார்கள். பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தேன். போய்விட்டார்கள்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். ஒருவர் சொன்னதை மனதில் வைத்துக்கொள்வது இவ்வளவுதான். டீயை நீட்டிவிட்டால் முடிந்தது. இது ஏன் உங்களால் முடியவில்லை?

கணக்கில் கோளாறு என்று உங்களைப் பேசுவதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று பாஸ்டரம்மாவிடம் சொன்னேன். அது மட்டும் சொன்னேன்.

குடிபாலாவுக்கு நான் திரும்பி வரப்போவதில்லை. இந்த மாடி அறையை நிரந்தரமாக எடுத்துக்கொண்டேன். ஷெர்லின் லீவுக்கு இங்கேதான் வருவாள். வகுப்புக்கும் வரமாட்டேன், கேசியா மேடத்திடம் போனில் சொல்லிவிட்டேன். அவர்கள் காரணம் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

உங்களை வேண்டாம் என்று தள்ளவில்லை. சனிக்கிழமை டியூட்டி முடிந்து நீங்கள் இங்கே வரலாம், ஞாயிறு மாலை போகலாம். ஷெர்லின் பரீட்சையைப் பற்றிப் பேசலாம், மழையைப் பற்றிப் பேசலாம், யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை என்று பேசலாம். நிறையப் பேர் அப்படித்தான் வாழ்ந்து முடிக்கிறார்கள். அதற்கு மேல் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டுத்தான் அந்த வகுப்பில் பெயர் கொடுத்தேன். அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

நீங்கள் எழுதியது என்னிடம் பத்திரமாக இருக்கும். நான் சாகிறவரை ஒருவருக்கும் தெரியாது, அதில் பயம் வேண்டாம். என் மனதில் இருப்பதை இனி உங்களிடம் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. என்றைக்காவது வருமா என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை வாருங்கள். மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறேன். சாப்பிடும்போது, என்ன யோசிக்கிறாய் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

எலிசா